இருபது முகம்

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு
ஈஜிபுராவில், மூன்றாவது மாடியில்,
நான் ஒரு திருடன்.
பெயர் கருந்தேள். பூட்டுகளின் பாஷை தெரியும்.
வலது காதில் பாதி இல்லை.
அது எப்படிப் போனதென்று
நித்திலா இன்னும் தீர்மானிக்கவில்லை.

நித்திலாதான் கதையை நடத்துகிறாள்.
அவளே மழை, அவளே ஓநாய்,
சாராயக்கடைக்காரனும் அவன் மூன்று மகள்களும் அவளே.
அப்ரார் பூசாரி. சுஹாஸ் ஒரு பூதம்,
கன்னடத்தில் மட்டும் கெட்ட வார்த்தை பேசும் பூதம்.
தெல்மா இப்போதெல்லாம் வருவதில்லை.
உட்கார்ந்து விளையாட முடியாதாம் அவளுக்கு.
ஞாயிறு காலை கப்பன் பார்க்கில்
அட்டை வாளும் பெட்ஷீட் அங்கியுமாய்
நிஜமாகவே மூச்சிரைக்க ஓடுகிறாள்.
காவலர் விசிலடித்தால் ராஜ்ஜியம் கலையும்.

பக்கத்து அறையில் சுஹாஸின் தம்பி
ஹெட்போனுக்குள் ஒரு கண்டத்தை ஆள்கிறான்.
சாப்பிடக் கூப்பிட்டால்
"இரு, செத்துட்டு வரேன்."

புதன்கிழமை நான் ரோஹித்.
பொம்மனஹள்ளி அலுவலகம் வைத்த பெயர்.
அமலநாதன் என்றால் யாரும் பயப்படுவதில்லையாம்.
தவணை தவறியவர்களைக் கூப்பிடும் வேலை.
எட்டு மணி நேரம் ஹெட்செட்
வலது பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும்.

அதற்கும் பயிற்சி உண்டு:
இரண்டு நாற்காலி, ஒரு துண்டுச்சீட்டு.
"நீங்கள் கடன் வாங்கியவர்.
மூன்று மாத பாக்கி. மனைவிக்கு ஆபரேஷன்."
அழுதேன். நன்றாகவே அழுதேன்.
பயிற்சியாளர் பத்துக்கு ஏழு போட்டார்.
"அழுகை இயல்பா இருந்தது.
ஆனா அவ்வளவு நேரம் அழ
நாம விடமாட்டோம்."

அங்கே பகடை கிடையாது.
இல்லை என்றால் பக்கம் மூன்று.
எதுவுமே பேசாவிட்டால் பக்கம் ஐந்து.

இன்று ஊர்க்கோடியில் ஓர் ஓட்டு வீடு.
கட்டிலுக்கடியில் இரும்புப்பெட்டி.
என் கை பட்டதும் வீட்டுக்காரன் விழித்துக்கொண்டான்.
இருட்டில் என்னை
வட்டிக்காரனின் ஆள் என்று நினைத்துவிட்டான்.
"போன வாரம்தானே ஐயா ஒரு மூட்டை அளந்தேன்"
என்றாள் நித்திலா, அவன் குரலில்.
என் வேலை அவளுக்குத் தெரியாது.
ஃபைனான்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"என்ன செய்யறே, கருந்தேள்?"

பகடை உள்ளங்கையில் வியர்த்தது.
பதினொன்றுக்கு மேல் விழுந்தால் தப்பி ஓடலாம்.
சிப்ஸ் பாக்கெட்டுக்குள் அப்ராரின் கை அப்படியே நின்றது.
வாயைத் திறந்தேன்.
வந்தது பக்கம் ஒன்று:
"உங்க நிலைமை எனக்குப் புரியுது சார்.
ஆனா நீங்களும் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்."

சுஹாஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.
என்ன குரல்டா இது, எங்கே பிடிச்சே?
நித்திலா சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் அந்த வீட்டுக்காரனாகவே
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உருட்ட வேண்டாம்.
சாவியைக் கொடுத்துட்டான்."

பெட்டியில் என்ன இருந்ததென்று நான் கேட்கவில்லை.
அப்ரார் கேட்டான். விதைநெல்.

பதினொன்றரைக்கு ஆட்டோ தேடி இறங்கும்போது
நோட்டில் ஏதோ எழுதி மூடினாள்.
"உன் காது எப்படிப் போச்சுன்னு
இப்போ தெரிஞ்சுடுச்சு" என்றாள்.
அடுத்த வாரம் சொல்கிறாளாம்.