பதினோரு மணித் திசை

திரு. வெர்மாக்குக்கு இரண்டு கண்ணிலும் புரை.
மாரிட்ஸ்பர்க்கில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்று.
அதற்கு முன் ஒரு நாள் ஆறு வேண்டும் என்றார்.
பர்மிட், மதியச் சாப்பாடு, என் கூலி
எல்லாம் அவர் செலவு.
பார்ப்பது மட்டும் என் வேலை.

அண்டர்பெர்க்குக்கு மேலே
உம்சிம்குலு இடுப்பளவுகூட இல்லை.
நேற்று மலையில் பெய்தது
இன்னும் வந்து சேரவில்லை.
தெளிந்த தண்ணீர்;
யார் நிழல் விழுந்தாலும் மீன் கதவைச் சாத்திக்கொள்ளும்.
அதனால் கரையோரம் முட்டி போட்டே போனோம்
வேண்டுதல் உள்ளவர்கள் மாதிரி
ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட்டும் நானும்.

"பத்து மணித் திசை. முப்பதடி."
கயிறு அவர் தலைக்குப் பின்னால் நீண்டு
ஒரு மூச்சு நின்று
முன்னால் போய் விழும்.
கை எதையும் மறக்கவில்லை.
ஈ அரிசி மணியளவு,
சேவல் கழுத்திறகில் ராத்திரி நான் கட்டியது.
எனக்கே அது ஒரு மினுக்கம்தான்.
"இப்போ" என்பேன். தூக்குவார்.
அப்படி நான்கு.
நான்கையும் தண்ணீருக்குள்ளேயே தடவிப் பார்த்து
நான்கையும் விட்டார்.

பிறகு அந்த வில்லோ மரம்.
அங்கே ஒருத்தி இருக்கிறாள்.
வலது செவுளில் வெள்ளைத் தழும்பு,
மூன்று பருவமாகத் தெரியும்.
அவள் வம்சம் முட்டையாக, ஐஸ் பெட்டியில், கப்பலில் வந்தது.
என் வம்சமும் கப்பல்தான்,
ஐஸ் கிடையாது.
வாடிக்கையாளர்களிடம் இதையெல்லாம் சொல்வதில்லை.

"பதினோரு மணி" என்றேன்.
ஈ மிதந்து வந்தது.
எழுந்தாள்.
வாய் வெள்ளையாய்த் திறந்தது. மூடியது.

நான் "இப்போ" சொல்லவில்லை.

துப்பிவிட்டு
அவசரமே இல்லாமல் இறங்கிப் போனாள்.

"ஏதாவது?"
"ஒன்றுமில்லை சார். இலை."

திரும்பும் வழியில் மூன்று கேட்.
இறங்கித் திறந்து, ஏறி, இறங்கி மூடி.
மூன்றாவது கேட்டில்தான் பேசினார்:
"முப்பது வருஷம் சாட்சி கேட்டவன் நான், கோகி.
இலைக்கெல்லாம் நீ மூச்சை நிறுத்த மாட்டாய்."

இரவு ஆறு கலங்கி வந்தது.
உறையைப் பிரித்தேன்.
பேசிய கூலி, ஒரு ராண்ட் கூடவுமில்லை குறையவுமில்லை.
உறையின் பின்புறம் பென்சிலில்
வரி மேல் வரி ஏறிய கோணல் எழுத்து:

அக்டோபர். அதே மரம்.
நானே பார்த்துக்கொள்கிறேன்.