பிடித்தம்

ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாம் தேதி
நான்தான் பிடிக்கிறேன்.
நாற்பத்தொரு பேர் சம்பளத்தில்
பி.எஃப்.புக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு,
ஈ.எஸ்.ஐ.க்கு முக்கால்.
பைசா சுத்தம் என்பார் முதலாளி.

பர்கூரிலிருந்து ஜெகதேவி போகிற வழியில்
சாலையோரம் எங்கே வெளுக்கத் தொடங்குகிறதோ
அங்கே இருக்கிறது எங்கள் கிரானைட் பாலிஷ் மில்.
கல்லரைத்த சேறு காய்ந்த பாதங்களைப் பார்த்தே
டிக்கெட் கிழிப்பார் கண்டக்டர்,
ஊர் கேட்க மாட்டார்.

அடுத்த மாதம் பதினைந்துக்குள் கட்ட வேண்டும்.
பதினாலாம் தேதி சலானை எடுத்து
மேசையில் வைப்பேன்.
"இருக்கட்டும்மா."
கரண்ட் பில் கட்டலைன்னா ஃபியூஸைப் பிடுங்குவான்,
டீசல்காரன் லாரியை நிறுத்துவான்,
இதுக்கு யாரும்மா வரப் போறா?
சொல்லிக்கொண்டே அதன்மேல் டீ டம்ளரை வைப்பார்.
என் ஃபைலில்
இருபத்தேழு சலான்,
இருபத்தேழு பழுப்பு வட்டம்.

பல்கீஸுக்குப் பித்தப்பையில் கல்.
"மில்லுல கழுவுற கல்லு பத்தாதுன்னு" என்று சிரித்துவிட்டுத்தான்
ஓசூர் பஸ் ஏறினாள்.
கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
இவள் சம்பள ரசீதை நீட்டியிருக்கிறாள்:
மாசாமாசம் பிடிக்கிறாங்களே சார்.
"பிடிச்சது தெரியுதும்மா,
கட்டினது தெரியல."
தனியார் ஆஸ்பத்திரிக்கு
இரண்டு வளையலும் காதில் கிடந்ததும் போயின.
இருபது நாள் கழித்து வந்து
திட்டவில்லை அவள்.
"மேடம், அது எந்தப் பக்கம் போச்சு?"
வழி கேட்பதைப் போலத்தான் கேட்டாள்.

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.
ஒரு பகுதி டீசலாக எரிந்தது.
ஒரு பகுதி அவர் மகனின் கல்லூரி.
இன்னொன்று
அம்மன் கோயில் வாசலில் படிக்கல்லாகக் கிடக்கிறது,
கருங்கல்லில் பொன்னெழுத்தாக அவர் பெயர்,
பெயருக்கு முன்னால்
உபயம்.
எழுத்தை வெட்டியது எங்கள் திம்மராயன்.
அவன் கணக்கில் மாதம் ஆயிரத்து முந்நூற்று எண்பது,
இருபத்தேழு மாதம்,
முப்பத்தேழாயிரத்து இருநூற்று அறுபது.
முதலாளியின் இனிஷியலில் புள்ளி விட்டுப்போச்சென்று
ஞாயிற்றுக்கிழமை போய்
கூலி வாங்காமல் கொத்திவிட்டு வந்தான்.

பிடித்தம்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும்
இந்தச் சொல்லைத்தான் கேட்டார்கள்,
பொண்ணுக்குப் பிடித்தம்தானே?
தலையாட்டினேன்.
இங்கேயும் அதைத்தான் செய்துவந்திருக்கிறேன்.
பட்டியலில் பதினேழாவது வரி நான்.
எனக்கும் நானே பிடித்து
எனக்கும் நானே கட்டாமல் இருந்தேன்.
மற்ற நாற்பது பேரிடம் இதைச் சொன்னால்
சமாதானம் ஆவார்களா என்று யோசித்ததுண்டு.
அசிங்கமான யோசனை.

நேற்று அவர் சேலம் போயிருந்தார்.
ரசீதில் ஒரு கட்டம் கூட்டினேன்.
பெரிய வேலை ஒன்றுமில்லை,
அகலத்தைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைக்கிறது.
பிடித்தது என்பதற்குப் பக்கத்தில்
கட்டியது.

அச்சு இயந்திரம் பழசு, கத்தும்.
பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு முன்னால்
நாற்பத்தொன்றையும் முடிக்க வேண்டும்.
திம்மராயன் வாங்கி
மடிக்காமல் நின்றான்.
நிரஞ்சன் பெஹெராவுக்குத் தமிழ் படிக்க வராது,
ஊர் ஒடிசா.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன்
புதுக் கட்டத்தில் விரலை வைத்து
என்னை நிமிர்ந்து பார்த்தான்.
சைபர் எல்லா ஊரிலும் வட்டம்தான்.

கேட்டில் ஹாரன் கேட்கிறது.
இன்னும் ஐந்து தாள்
வர வேண்டியிருக்கிறது.