வாலுள்ள வட்டம்

கட்டில் அட்டையில் ஊ சோ தெய்ன்.
அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்,
இமை அசையவில்லை.
பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்தைப் புரட்டி
வீட்டுப் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன்.
கிதுரு முகமது, அஸ்ஸலாமு அலைக்கும்.
இடது புருவம் ஏறி இறங்கியது.
வாயில் குழாய்.
பதில் ஸலாமாக அதையே எடுத்துக்கொண்டேன்.

நான் ஆலிம் இல்லை.
கீழைக் கடைத்தெருவில் குடை ரிப்பேர்.
மோல்மேனில் ஆறு மாதம் மழை,
எனக்கும் ஆறு மாதம்தான் சோறு.
ஆஸ்பத்திரிக்கு ஓதப் போன மூன்று பேரில்
ஒருவர் மலேசியா போய்விட்டார்,
ஒருவருக்கே பக்கவாதம்.
மிச்சம் நான்.
யாசீன் பாராமல் ஓத வரும்,
நோயாளியைப் பார்த்தால் நாக்கு வறளும்.

கட்டிலைத் திருப்ப முடியுமா என்றேன்.
கிப்லா மேற்கே, ஆற்றின் பக்கம்.
சிஸ்டர் நோ ஏ மூ, ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடும் கரேன் பெண்,
குழாய்களை எண்ணினாள். ஏழு.
திரும்பாது, என்றாள்.
பிறகு அவளே ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்தடியில் செருகி
முகத்தை மட்டும் நாலு விரல்
சால்வின் பக்கம் சாய்த்தாள்.
இன்னும் கொஞ்சமா, என்று கேட்டாள்,
சுவரில் படம் மாட்டுகிறவள் போல.

தயம்முமுக்கு ஆற்றுக் கல் ஒன்று கொண்டுபோனேன்.
வாசலிலேயே வாங்கி
ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து
பளபளவென்று திருப்பித் தந்தாள்.
எங்கள் மத்ஹபில் தூசி வேண்டும்.
ஹனஃபிகளுக்கு வெறும் கல் போதும்.
அந்த வார்டுக்குள் மட்டும்
நான் ஹனஃபி.

மூன்றாம் இரவு
என் உள்ளங்கையில் அவர் விரல் ஊர்ந்தது.
வட்டம். மறுபடி வட்டம்.
தஸ்பீஹ் உருட்டுகிறார் என்று நினைத்து
ஸுப்ஹானல்லாஹ் சொல்லிக்கொடுத்தேன்.
கையை உதறினார்,
உதற முடிந்த அளவுக்கு.
திரும்ப எழுதினார்:
வாலுள்ள வட்டம்,
காலுள்ள வட்டம்,
அப்புறம் மூன்று வெறும் வட்டம்.
தலைகீழாக வந்ததால் எனக்குப் பிடிபடவில்லை.
நோ ஏ மூ எட்டிப் பார்த்துப் படித்தாள்.
நாற்பத்தேழாயிரம். பணம்.
கடன்பட்ட வீட்டுப் பெண்ணுக்குச் சட்டென்று தெரிந்தது.

யாருக்கு?
தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.
படகுத்துறை என்றதும் புருவம் எழுந்தது.
மீன்காரி, டீக்கடை, டிக்கெட் கொடுப்பவன், இல்லை, இல்லை.
வெற்றிலைக் கடை.

கடன் தீராத ரூஹ் தொங்கிக்கொண்டு நிற்கும்
என்று ஓதியிருக்கிறோம்.
ஜகாத் பெட்டியில் கொஞ்சம், என் உண்டியலில் கொஞ்சம்.
விடிந்ததும் போனேன், கொட்டும் மழை.
மி குன் சான், நரை தொடங்கிய மோன் பெண்,
சுண்ணாம்பு ஏறிய நோட்டைப் புரட்டினாள்.
நாற்பத்தைந்து, என்றாள்.
அவர் நாற்பத்தேழு என்கிறாரே.
நோட்டு சொல்வதுதான் எனக்கு. கூட ரெண்டாயிரம்
வாங்கிக்கொண்டு பகோடாவில் எப்படி விளக்கேற்றுவேன்?

திரும்பி வந்து
கலிமாவுக்கு முன்னால் கணக்கைச் சொன்னேன் காதில்.
தீர்ந்துவிட்டது. ரெண்டாயிரம் மிச்சம்.
புருவம் ஏறியது. இறங்கவில்லை.
நம்பவில்லை மனிதர்.
விரலைத் தேடி எடுத்து என் கையில் வைத்தார்:
வாலுள்ள வட்டம், காலுள்ள வட்டம்.

மறுபடி மழை, மறுபடி துறை.
அந்தப் பெண்ணின் காலில் விழாத குறை.
கடைசியில் ரெண்டாயிரத்துக்கும்
வெற்றிலை எண்ணிக் கட்டித் தந்தாள்.

வந்தபோது
ஆறாம் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
முகம் நாலு விரல் சாய்ந்தே இருந்தது, என்றாள் நோ ஏ மூ.
உதட்டைப் பஞ்சால் நனைத்தேன்.
உங்கள் வார்த்தைகள் எனக்குத் தெரியாது.
பெயர் தெரியும். நீங்கள் கூப்பிடும் பெயர்.
அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், அது குற்றமா?

இன்னா லில்லாஹி சொன்னேன்.
வேறொன்றும் எனக்கு வரவில்லை.
வெற்றிலைக் கட்டிலிருந்து மழை சொட்டியது தரையில்.
அவள் துடைக்கத் துணி எடுத்தாள்,
கல்லையும் தாருங்கள் என்றாள்,
எட்டாம் கட்டிலுக்கு.