பதினான்காவது

காரைக்குடி, செக்காலை ரோடு, உமையாள் ஸ்கேன் சென்டர்.
இரவு பத்தேகால். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
"மொத்தம் பதினொண்ணு" என்றார் லெட்சுமணன்.
கட்டளையைத் தட்டினேன்.
பதினான்கு பேர் கை தூக்கினார்கள்.

"இந்த சாஃப்ட்வேர் என்ன விலை?"
விலை இல்லை.
"காசில்லாததை எப்படி நம்ப?"
இதன் பேரேட்டை யாரும் புரட்டலாம்,
ஒவ்வொரு வரியும் வெளியே கிடக்கிறது.
காசு இல்லை அண்ணே, நாணயம் இருக்கு.
பேரேடு என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பன்னிரண்டாவது, வரவேற்பறை டிவி.
பதின்மூன்றாவது, மருந்து அலமாரிக் கேமரா;
கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நான்கு.
ஊராரின் எலும்பெல்லாம்
அதற்குப் பின்னால் வரிசையில்.
அடைத்தேன்.

பதினான்காவது யாரென்று பிடிபடவில்லை.
தினமும் விடியல் நாலரைக்கு வந்து
பதினொன்றுக்குப் போகிறது.
அதையும் வெட்டினேன்.

ஷட்டருக்கடியில் குனிந்து நுழைந்தார்
எதிர் டீக்கடை சிக்கந்தர்.
கையில் இரண்டு டீ.
"நம்ம நெட்டு போயிருச்சா?
துபாய்லேர்ந்து மக பேசிக்கிட்டிருந்தா..."

லெட்சுமணன் என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.
விருந்தாளிக்குத் தனி வலை போட
ஆறு வரி போதும்.
எலும்புகள் இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம்.

புதுக் கடவுச்சொல்லை
பில்லின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்.
மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சிருங்க, என்றேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.