பதினெட்டுப் படி

இரவு பத்தரைக்கு மேல்தான் எனக்குக்
கதிர்ப்படப் பிரிவின் கதவு திறக்கும்.
பகலில் திரைகளுக்கு ஓய்வில்லை.

ஜார்ஜ்டவுனில் இந்த மருத்துவமனைக்குப் பதினொரு திரைகள்.
ஒரே லாரியில் பாலம் கடந்து வந்தவை.
இரண்டு வருடத்தில் ஆளுக்கொரு குணம்.
மூன்றாம் மாடித் திரை எதையும் கொஞ்சம் மஞ்சளாகப் பார்க்கும்.
எலும்புப் பிரிவில் இருப்பது
சூடேற அரைமணி நேரம் முனகும்.
அவசரப் பிரிவுத் திரை மட்டும்
நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியது.

செவ்வாய்க்கிழமை
ஒரே மார்புப் படம்.
கீழே பார்த்த டாக்டர் ஊய், சுத்தம் என்றார்.
மேலே பார்த்த டாக்டர் ஹஸ்லிண்டா
வலது நுரையீரலின் உச்சியில் விரல் வைத்து
இது என்ன என்றார்.
தொலைபேசியில் இருவரும்
வெவ்வேறு ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள்.

ஒளிமானியைத் திரையின் நெற்றியில் வைக்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் பதினெட்டுப் படி.
சபரிமலையா, என்பான் காவலுக்கு நிற்கும் மருதப்பன்.
ஆமாம். மாலை போடாமல் ஏறுகிறேன்,
கையில் ஆறிப்போன தே ஓ.

மானி சொன்னது: சரி.
பதினெட்டும் சரி.
இன்னொரு முறை. அப்போதும் சரி.

அப்புறம்தான் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
நாலாம் படியைக் காணோம்.
ஐந்தும் ஆறும் ஒரே வெளுப்பு.
திரும்பிப் பார்த்தால்
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
போன மாதம் கொண்டுவந்து வைத்த
குளிர்பான இயந்திரம்,
கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டு.
அதன் வெளிச்சம் இவ்வளவு தூரம் நடந்து வந்து
கறுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.
திரையோடு ஒட்டி வைத்த மானிக்கு
முதுகுப்பக்கம் நடப்பது எப்படித் தெரியும்?

மருதப்பனும் நானுமாகத் தள்ளினோம்.
உள்ளே ஒரு டப்பா தானாக விழுந்தது.
அவன் குடித்தான்.

மறுபடி நாற்காலி.
நாலு. ஐந்து. ஆறு.
இருட்டுக்குள் இத்தனை இருட்டு.

அந்தப் படத்தைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.
எனக்குக் கட்டங்கள் மட்டும்தான்,
யாருடைய உடம்பும் இல்லாத சாம்பல் கட்டங்கள்.
படிவத்தில் எழுதினேன்:
திரையில் குறையில்லை. இயந்திரம் சுவர்ப்பக்கம் திருப்பப்பட்டது.
கையெழுத்து. மணி நாலு பத்து.

போகும்போது முகப்பில்
காலை எட்டரைக்கு யாரையோ
திரும்ப வரச்சொல்லி ஓர் அட்டை.
பசியாறாமல் வரவேண்டும் என்று
சிவப்பில் கோடிட்டிருந்தது.
பெயரைப் படிக்கவில்லை.