இரண்டாம் படி

சிவப்பு டேக் மாட்டிய கயிறு
இனி எதையும் தூக்கக் கூடாது.
ஹம்ரியா யார்டில் அதுதான் சட்டம்.
ஒரு புரி பிய்ந்திருந்தால் போதும்,
சுமந்த வருஷங்கள் கணக்கில் வராது,
நேராகக் குப்பைத் தொட்டி.

அந்தத் தொட்டியில்தான் கிடந்தது
ஏதோ ஒரு கப்பலின் மணிக்கயிறு.
ஒரு முழம். கிரீஸ் நாற்றம்.
உடம்பெல்லாம் முடிச்சு:
பின்னல், வளையம், தலைப்பாகை மாதிரி ஒரு குமிழ்,
நுனியில் உருண்டையாய்க் குரங்குப்பிடி.
நுனி எது அடி எது, பிடிபடவில்லை.

எனக்குத் தெரிந்த முடிச்சுகள் வேறு ஜாதி.
தொங்கும் குழாய் காற்றில் சுற்றாமல்
இழுத்து நிறுத்துபவை.
வேலை முடிந்தால்
ஒரே இழுப்பில் விட்டுவிடுபவை.
அழகுக்கென்று எதையும் கட்டியதில்லை.
தாலியில்கூட ஒரு முடிச்சுத்தான் என்னுடையது,
மற்ற இரண்டும் அக்கா போட்டது.

அதனால் அவிழ்த்தேன்.
ஒரு சுற்று, ஒரு போட்டோ.
ஒரு சுற்று, ஒரு போட்டோ.
வெள்ளிக்கிழமை முழுக்கக் கீழ்க்கட்டிலில் குனிந்து
ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பி நெம்பி.
அறையில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்:
முடிச்சவிக்கி.
தப்பில்லை.
யாரோ போட்டதை அவனைக் கேட்காமல்
எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இருநூற்றுப் பதினான்கு போட்டோ.
கடைசியிலிருந்து முதலுக்கு
விரலால் தள்ளிக்கொண்டே போனால்
முடிச்சு தன்னைத் தானே போட்டுக்கொண்டது.

நான்கைந்தை ஊருக்கு அனுப்பினேன்.
பவளக்கொடி போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு குரலை இறக்கி,
"ராத்திரி ரூம்ல தனியாவா இருக்கீங்க?" என்றாள்.
"கயிறு எதுக்குங்க?" என்றாள்.
அன்றைக்கு நான்கு தடவை கூப்பிட்டாள்,
நான்கு தடவையும்
சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டாள்.

அந்த இரவே உட்கார்ந்து முடித்தேன்
தண்ணீர்க் கேனின் கைப்பிடியை.
விரலை அறுக்கும் வெறும் கம்பி அது.
மேலே, கீழே, மேலே,
முதல் சுற்று வழி தேடும்,
இரண்டாவது அதே தடத்தில் துணைக்குப் போகும்,
மூன்றாவதுக்கு இடமே இருக்காது,
நெம்பித்தான் நுழைக்க வேண்டும்.
விடியுமுன் படம் அனுப்பினேன்:
கேன், கைப்பிடி, பிடித்திருக்கும் என் கை.
"இதுக்குத்தானா?" என்று பதில் வந்தது.
கூடவே திட்டும் வந்தது, நீளமாய்.

அப்புறம் லாக்கர் சாவிக்கு ஒரு குரங்குப்பிடி,
உள்ளே துருப்பிடித்த நட்டு ஒன்றை வைத்து.
கழிவறைத் தாழ்ப்பாளுக்கு ஒரு குஞ்சம்.
பஸ் டிரைவர் கியர் தடிக்குக் கேட்டான்,
போட்டுக் கொடுத்தேன், பெட்ரோல் பங்கில் டீ வாங்கித் தந்தான்.
சேப்டி ஆபீசர் ஒருநாள் அதைத் தடவிப் பார்த்து
"எத்தனை கிலோ தாங்கும்?" என்றார்.
கண்ணை மட்டும் தாங்கும் சார் என்றேன்.
எழுதிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

மேல்கட்டில் இசக்கியப்பனுக்கு நைட் ஷிப்ட்.
குளித்த ஈரக்காலோடு ஏணியில் ஏறி
வழுக்கி இரண்டு முறை என்மேல் விழுந்தவன்.
நான்கு படி, வழவழத்த இரும்புக் குழாய்.
நான்கிலும் சுற்றினேன்,
மூன்று வெள்ளிக்கிழமை.

எல்லாம் முடிந்து விளக்கை அணைத்தபின்
விரலுக்குத்தான் தெரிந்தது.
இரண்டாம் படியில், ஏழாவது மடிப்பில்
கீழே போக வேண்டியது மேலே போயிருந்தது.
சின்னப் புடைப்பு. மிளகு அளவு.
தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை ஸ்குரூடிரைவரோடு நின்றேன்.
இசக்கியப்பன் துண்டோடு வந்தான்,
"அதை மட்டும் தொடாதண்ணே" என்றான்.
"எல்லாரும் தூங்குற நேரம், லைட்டும் போட முடியாது.
பெருவிரல்ல அந்தக் குண்டு தட்டுனாத்தான்
பாதி ஏறிட்டேன்னு தெரியுது."

ஏறிப் போனான்.
இரண்டாம் படியில் கொஞ்சம் நின்று
காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு
மேலே போனான்.
நான் இன்னும்
கேனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
பஸ் ஹாரன் அடிக்கிறது.