ஏழு விசில்

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே போனால்தான்
நெஞ்செலும்பு கிடைக்கும்.
அதற்கு மேல் போனால் ஜவ்வும் ஈயும்.
ஆடுதொட்டிப் பக்கத்துக் கடையில் மொய்தீன் பாய்
அரைக் கிலோ, கொஞ்சம் கொழுப்போட, என்று
எனக்கும் சேர்த்துத் தானே சொல்லிக்கொண்டு
வெட்டினார்.
பழக்கத்தில் கறுப்புக் கவரை ஊதிப் பிரித்தவரிடம்
"வெள்ளைக் கவரே குடுங்க பாய்" என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
ஈரல் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது.

கொளத்தூரில் மூன்று வருஷம் இருந்தோம், மாடி போர்ஷன்.
வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான்.
பொங்கலுக்குக் கரும்பு, ரூபனுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம்.
"மீன் கறியெல்லாம் செஞ்சுக்கோங்க,
அது மட்டும் வேணாம்" என்றார்கள்.
அதன் பெயரைச் சொல்லவில்லை.
நாங்களும் அந்தப் பெயரை
படியேறும்போது வாசலிலேயே விட்டுவிட்டு ஏறினோம்.

ஆட்டுக்கறிக்கு நாலு விசில்.
இதற்கு ஏழு.
கிழட்டு மாடு என்றால் ஒன்பதுகூட.
கீழே எண்ணுவார்கள் என்று ஏசுபாதத்துக்குப் பயம்.
துறைமுகத்தில் கன்டெய்னர் மேல் ஏறி
கம்பி கட்டுகிற ஆள்,
குக்கர் சத்தத்துக்குப் பயந்தார்.
நாலில் அணைப்போம்.
ஆவி அடங்கக் காத்திருந்து
கீழே சீரியல் பாட்டு உரக்க ஒலிக்கும்போது
மறுபடி பற்றவைத்து, மூன்று.
இரண்டாவது தவணைக்குப் பருப்பு என்று பெயர்.
விட்டுவிட்டு வெந்த கறி
என்றைக்கும் நார்நாராகத்தான் இருந்தது.
நன்றாக இருக்கு என்று சொல்லிக்கொண்டே மென்றோம்.

இப்போது புளியந்தோப்பு, எட்டாவது மாடி.
லிஃப்ட் ஓடாது. காற்று ஓடும்.
ஜன்னலைத் திறந்தால் பேசின் பிரிட்ஜ் யார்டில்
ரயில் பெட்டிகளைக் கழுவுவது தெரியும்.

மூன்று வெங்காயம், இஞ்சி பூண்டு,
மிளகை இடித்து, ஒரே ஒரு அன்னாசிப்பூ.
வியாசர்பாடியிலிருந்து ஏசுபாதத்தின் கூட்டாளி கொடுத்தனுப்பிய
கறுப்பு சோயா சாஸ் இரண்டு கரண்டி.
கறி முங்கி அதற்கு மேலும் நாலு விரற்கடைத் தண்ணீர்,
ஏனென்றால் நூடுல்ஸ் குடிக்கும்.
இரண்டு நிமிஷப் பாக்கெட் இல்லை,
அத்தோ கடைக்குப் போடுகிற
தடித்த மஞ்சள் நூடுல்ஸ்.

ஒன்று.
இரண்டு.
பூண்டை எண்ணெயில் சிவக்கவிட்டேன்.
மூன்று.
நாலு.
கை தானாகவே அடுப்புத் திருகுக்குப் போனது.

பிரஷ்ஷும் நுரையுமாக அவர் சமையலறை வாசலில்.
"எபி, நாலு ஆயிடுச்சு."
"ஆவட்டும்."
ஐந்து.
இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
தரைக்குக் கீழே யாரோ இருப்பதுபோல்.
ஆறு.
ஏழு வர நேரமெடுத்தது. வந்தபோது
வீடு முழுக்க விசில்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெஹரு அக்கா:
"இன்னாடி, பல்லு போன மாடா?
பப்பாளித் தோலு போடலியா நீ?"
அவர் சிரித்ததில் பேஸ்ட் நுரை என் புடவையில்.

சிரித்த நேரத்தில் நூடுல்ஸ் கொஞ்சம் குழைந்துவிட்டது.
பரவாயில்லை.
எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று
கொழுப்பு மினுங்கும் சாற்றில் கிடந்தது.
மேலே பொரித்த பூண்டு, எலுமிச்சை.
தட்டு வேண்டாம் என்று மூன்று பேரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம்.
யாரும் பேசவில்லை, உறிஞ்சும் சத்தம் மட்டும்.
ஏசுபாதம் நல்லியைத் தரையில் தட்டினார்,
ஓங்கி, இரண்டு தரம்.

மோவாயில் சாறு வழிய ரூபன் சொன்னான்:
"நாளைக்கு ஸ்கூல் டப்பாவுக்கும் இதையே வைம்மா."

அவர் என்னைப் பார்த்தார்.
நான் குக்கரின் அடியைச் சுரண்டினேன்.
"மீந்தா பாக்கலாம்டா."

மீந்தது.